மீண்டெழும் போர்க்களம்: வரலாற்றுப் போர் மீள்நடிப்பு – ஓர் அறிமுகம்

முன்னுரை

போரைச் சொல்லால் கண்டு சொல்லால் காட்டிய மரபு நம்முடையது. சங்கப் புலவர் புறத்திணையில் பாடினர். இடைக்காலப் புலவர் பரணியில் பாடினர். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களோ ‘படைப்போர்’ என்னும் தனியொரு இலக்கிய வகையையே தமிழுக்கு ஈந்தனர். இவற்றைப் பயில்வோர் களத்தை மனக்கண்ணால் காண்கின்றனர், அவ்வளவில் அமைகின்றனர். மேலைநாடுகளிலோ அவ்வளவில் அமையாதார் பலர் உளர். முந்நூறு, நானூறு ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு படைவீரன் உடுத்ததை உடுத்து, சுமந்ததைச் சுமந்து, உண்டதை உண்டு, அவன் நின்ற களத்தின் அருகிலேயே அணிவகுத்து நின்று, அப்போரைத் திரும்பவும் நடித்துக் காட்டுவதை அவர்கள் விடுமுறைக்காலப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். ஆங்கிலத்தில் ‘ரீஎனாக்ட்மென்ட்’ என வழங்கும் இதனை நாம் ‘மீள்நடிப்பு’ எனக் கொள்வோம்.

ஐரோப்பிய வரலாற்றை விளக்கிக்கொண்டிருந்த வகுப்பொன்றில் இச்செய்தியைக் கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து வினவினார்: “ஐயா, உண்மையில் மக்கள் மாண்ட போரை விளையாட்டாக நடிப்பது மாண்டவர்க்குச் செய்யும் மரியாதையா, அவமதிப்பா?” அவ்வினாவிற்கு அன்று நம்மால் முழுவிடை கூற இயலவில்லை. இக்கட்டுரை, அப்பொழுதுபோக்கு யாது, அதில் புகுவோர் எவ்வாறு புகுகின்றனர், அது வரலாற்றறிவுக்கு நல்குவது என்ன என்பவற்றை விளக்கி, இறுதியில் அம்மாணவரின் வினாவிற்குத் திரும்ப முயல்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

போரை நடித்துக் காட்டும் வழக்கம் புதியதன்று. பண்டை உரோமானியர் செயற்கை நீர்நிலைகளில் கப்பற்போர்களை நடத்திக் காட்டினர். அவற்றில் போரிட்டோர் கைதிகளும் தண்டனை பெற்றோருமே ஆதலின், சிந்திய குருதி உண்மைக் குருதியே. 1839ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எக்ளின்டன் என்னுமிடத்தில், இடைக்கால வீரர்தம் குதிரைப்போர்ப் பந்தயத்தைப் பெரும்பொருட் செலவில் மீண்டும் நடத்த ஒரு பிரபு முனைந்தார். கொட்டிய மழை அவ்விழாவைச் சேறாக்கிற்று. எனினும் கடந்தகாலத்தை உடுத்துப் பார்க்கும் ஆசை அதனோடு கரைந்துவிடவில்லை.

இன்றைய பொருளிலான மீள்நடிப்பு வேரூன்றியது 1960களிலேயே எனலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டையொட்டி, 1861 சூலையில் முதற்பெரும் போர் நிகழ்ந்த மனாசஸ் களத்தில் 1961 சூலையில் அப்போர் நடித்துக் காட்டப்பட்டது. இங்கிலாந்திலோ, படைத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் பிரிகேடியர் பீட்டர் யங் என்பார், 1642 அக்டோபர் 23இல் நிகழ்ந்த எட்ஜ்ஹில் போரைப் பற்றி நூலொன்று எழுதினார். அந்நூலின் தொடர்பாக நண்பர்கள் அக்கால உடையில் கூடிய கூட்டமே 1968இல் ‘சீல்டு நாட்’ என்னும் கழகமாக உருப்பெற்றது. ‘முத்திரையிட்ட முடிச்சு’ எனப் பொருள்படும் அப்பெயர், 1650களில் அரசரின் பக்கம் நின்று மறைவாகச் செயலாற்றிய ஒரு குழுவின் பெயராகும். அதன்பின் உரோமானியர், வைக்கிங்குகள், இடைக்கால வில்லாளர், நெப்போலியன் காலத்தினர் என ஒவ்வொரு காலத்திற்கும் குழுக்கள் பெருகின. 2015 சூனில், வாட்டர்லூப் போரின் இருநூறாம் ஆண்டு நிறைவின்போது, பல நாடுகளிலிருந்தும் ஐயாயிரம் பேர் அளவில் பெல்ஜியத்தில் திரண்டு அப்போரை நடித்தனர் என்றால் இதன் வீச்சு விளங்கும்.

ஒரு போரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்

எல்லாக் காலத்தையும் ஒருங்கே விளக்கப் புகின் கட்டுரை விரியும். ஆதலின் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். 1642 முதல் 1651 வரை, அரசர் பக்கத்துப் படைகளுக்கும் நாடாளுமன்றத்தின் படைகளுக்கும் இடையே நிகழ்ந்த போர்கள் இவை. அரசனின் அதிகாரத்திற்கு எல்லை உண்டா என்பதே அவற்றின் அடியில் கிடந்த வினா. 1649 சனவரி 30இல் மன்னர் முதலாம் சார்லசே தலை துணிக்கப்பட்டார். களத்தில் மட்டும் எண்பதாயிரம் பேருக்குமேல் மாண்டிருக்கலாம் என்றும், படைகளோடு சென்ற கொள்ளைநோய்க்கு இரையானோர் அதனினும் மிகுதி என்றும் வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நின்ற குடும்பங்கள் பல.

இப்போரை மீள நடிப்பதே சீல்டு நாட் கழகத்தின் பணி. செஷயர் மாவட்டத்தின் நான்ட்விச் நகரில் ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களில் இவர்கள் நடத்தும் விழா புகழ்பெற்றது. 1644 சனவரி 25இல் அந்நகரின் முற்றுகை நீங்கியபோது மக்கள் ஹாலி என்னும் முட்செடியின் தளிரைத் தலையில் சூடி மகிழ்ந்தனர் என்பது மரபு. இன்றும் அந்நாளில் நகரத்தார் அத்தளிரைச் சூடுகின்றனர். போரை விட, போர் ஓய்ந்ததையே அங்குக் கொண்டாடுகின்றனர் என்பது கருதத்தக்கது.

முதற்படி: காலமும் குழுவும்

இப்பொழுதுபோக்கில் புக விரும்புவோர் முதலில் துப்பாக்கியோ வாளோ வாங்கச் செல்வதுண்டு. அது தலைகீழ் வழி. முதலில் தேர வேண்டியது காலம். அடுத்துத் தேர வேண்டியது குழு. படைக்கலம் இறுதியில் வருவது.

காலத்தைத் தேர்வதில் ஆர்வம் மட்டுமன்றி வாய்ப்பும் கருதப்பட வேண்டும். வாழுமிடத்திற்கு அருகில் எக்காலக் குழு இயங்குகிறது, அதன் உடைக்கும் கருவிக்கும் எவ்வளவு செலவாகும், தம் உடல் அதற்கு ஏற்குமா என எண்ணிப் பார்த்தல் நன்று. உரோமானிய வீரனின் கவசத்தைச் சுமக்கத் தோள்வலி வேண்டும். குதிரைவீரனாக வேண்டுமெனில் குதிரையேற்றமும் குதிரையை வைத்துக் காக்கும் பொருள்வளமும் வேண்டும். காலாட்படையின் எளிய வீரனாகத் தொடங்குவதே பெரும்பாலோர்க்கு இயல்வது. மேலும் எந்தப் படையிலும் படைத்தலைவர் சிலரே, படைவீரரோ பலர். முதல் நாளிலேயே படைத்தலைவன் வேடம் விழைவோரைப் பழைய உறுப்பினர் புன்முறுவலோடு பார்ப்பர்.

குழுவைத் தேர்வதற்கு முன் பார்வையாளராகச் சென்று ஒரு நிகழ்ச்சியைக் காண்பது இன்றியமையாதது. இங்கிலாந்தில் இத்தகைய கூட்டங்கள் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் நடைபெறும். கழகம் படையணிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அணியும் அக்காலத்தில் உண்மையாகவே இருந்த ஒரு படையணியின் பெயரைத் தாங்கும். அதனைத் திரட்டிய தளபதியின் பெயரே பெரும்பாலும் அணியின் பெயர். பார்வையாளர் பாசறைக்குள் நடந்து, அணியினரோடு உரையாடி, தமக்கு இசைந்த தோழமை எங்குளது என அறியலாம். உறுப்பினர் கட்டணம் செலுத்திச் சேர்ந்தபின், முதற் சில நிகழ்ச்சிகளுக்கு வேண்டும் உடையையும் கருவியையும் பல அணிகள் இரவலாகவே தரும். அவ்விரவற்காலம் பொன்னான காலம். பொருளைச் செலவிடுமுன் இது தமக்கு ஏற்றதா என அறிந்துகொள்ள அது இடந்தருகிறது.

தனித்து நின்று இதனைச் செய்யலாகாதா எனின், ஆகாது என்பதே விடை. அணியின்றிப் பயிற்சியில்லை, பயிற்சியின்றிப் பாதுகாப்பில்லை. மேலும் பொதுமக்களுக்கு ஏற்படக்கூடிய ஊறுகளுக்கான காப்பீடு கழகத்தின் வழியாகவே கிடைப்பது.

உடை: தையலில் தொடங்கும் வரலாறு

மீள்நடிப்பில் வரலாறு தொடங்குமிடம் உடையே. பதினேழாம் நூற்றாண்டுக் காலாள் ஒருவனுக்கு வேண்டுவன: லினன் துணியாலான தளர்ந்த சட்டை, கம்பளியாலான மேலங்கி, முழங்காலளவுக் காற்சட்டை, நீண்ட காலுறை, தோற்காலணி, தொப்பி. இவற்றுள் முதலில் வாங்கத்தக்கது காலணி. இரவல் அங்கி தளர்ந்திருந்தால் பொறுக்கலாம். இரவற் காலணி கடித்தால் ஒரு நாள் முழுதும் அணிவகுக்க இயலாது.

கம்பளியும் லினனும் ஏன் என வினவலாம். அக்காலத்தில் அவையே வழங்கின என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பாதுகாப்பு. கருமருந்தின் பொறி பட்டால் கம்பளி கருகி அணையுமேயன்றி எளிதில் தீப்பற்றாது. செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வரலாற்று உண்மையும் உயிர்ப் பாதுகாப்பும் இங்கு ஒரே துணியில் நெய்யப்பட்டுள்ளன.

உண்மைத்தன்மை எவ்வளவு தேவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜிப் இருபதாம் நூற்றாண்டின் பொருளாதலின் அஃது எவராலும் ஏற்கப்படாது. கைக்கடிகாரமும் அவ்வாறே. ஆயின் மேலங்கியின் உள்தையல் பொறியில் தைத்ததா கையால் தைத்ததா, தையற்காரர் ‘காஜா’ என்று சொல்லும் பொத்தான் துளை எவ்வகை நூலால் கட்டப்பட்டது என்பன வரை நோக்குவோர் உளர். அமெரிக்காவில் இத்தகையோரை நூலெண்ணுவோர் எனக் கேலி செய்வதுண்டு; அவர்கள் பதிலுக்குப் பொருட்படுத்தாது உடுத்துவோரை ‘ஃபார்ப்’ என இகழ்வர். பத்தடித் தொலைவில் நின்று காண்பவர்க்கு உண்மையாகத் தோன்றினால் போதும் என்பார் ஒருபுறம். கண்ணுக்குப் படாத இடத்திலும் பொய் கூடாது என்பார் மறுபுறம். புதியவர் நடுவழியில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு பொருளாகச் செப்பம் செய்துகொள்வதே அறிவுடைமை. விழாக்களில் கடைவிரிக்கும் வணிகரிடம் அனைத்தும் கிடைக்கும். ஆயின் அணியின் மூத்தவர் ஒருவரை உடனழைத்துச் சென்று வாங்குதல் பொருளையும் மானத்தையும் காக்கும்.

படைக்கலமும் பாதுகாப்பும்

அக்காலக் காலாட்படை இருவகைத்து. ஒன்று நெடுவேற்படை, மற்றொன்று துப்பாக்கிப்படை. நெடுவேல் என்பது ஏறத்தாழ 16 அடி நீளமுள்ள மரத்தண்டின் முனையில் இரும்பு பொருத்தியது. குதிரைப்படையின் பாய்ச்சலைத் தடுக்க அதுவே அரண். மீள்நடிப்பில் இரு வேற்படைகள் மோதும்போது வேல்களை நேராக நீட்டுவதில்லை. வானோக்கி நிமிர்த்திப் பிடித்துத் தோளோடு தோள் சேர்த்து ஒரு திரளாக மற்றதைத் தள்ளுவர். அது காண்பவர்க்குப் பெரும் மற்போர் போலத் தோன்றும். நடுவில் விழுபவரை உடனே தூக்கி நிறுத்துவது எதிரணியினரின் கடமையுமாகும்.

துப்பாக்கியோ திரியால் இயங்குவது. வெடியுப்பில் தோய்த்த கயிறு கனன்று கொண்டேயிருக்கும். விசையை இழுத்தால் அத்திரி மருந்துக் கிண்ணத்தில் தாழ்ந்து பொறியை ஏற்றும். மருந்தை அளந்து நிரப்பிய சிறு மரக்குடுவைகளைத் தோள்வாரில் கோத்துத் தொங்கவிட்டிருப்பர். ஒரு கையில் எரியும் திரி, மார்பில் வெடிமருந்து! அக்கால வீரனின் வாழ்வு எத்துணை இடர் நிறைந்தது என்பதை இவ்வொரு காட்சியே உணர்த்தும்.

இத்துப்பாக்கிகளை மீள்நடிப்பில் வெடிக்கும்போது குண்டு இடுவதில்லை. மருந்து மட்டுமே இடுவர். ஆயினும் குண்டில்லாத வெடியும் அருகில் நின்றால் கொல்லும் ஆற்றல் உடையது. ஆதலின் குறித்த தொலைவுக்குக் குறைவாக நின்று எவரையும் நோக்கி வெடிக்கலாகாது. குழலுக்குள் மருந்தை இடிக்கும் கோலைக் களத்தில் பயன்படுத்துவதும் பொதுவாக விலக்கப்பட்டது. மறதியால் குழலிலேயே விடப்பட்ட கோல் அம்பென உயிர் குடிக்கும். வாள்களின் விளிம்பு மழுக்கப்பட்டு, முனை உருண்டையாக்கப்பட்டிருக்கும். உண்மையிலேயே ஒருவர் ஊறுபட்டால் உடனே அங்கு ஆட்டம் நிறுத்தப்பெறும். பிரிட்டனில் இத்துப்பாக்கி வைத்திருக்கவும் கருமருந்து வாங்கவும் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுபடுமாதலின், சட்டம் அறியாது எவரும் இதில் கைவைத்தல் கூடாது.

பயிற்சிக்கு நூற்சான்றும் உண்டு. 1607இல் யாக்கோப் டி கெய்ன் என்னும் டச்சு ஓவியர் துப்பாக்கியையும் நெடுவேலையும் கையாளும் நிலைகளை 117 செதுக்கோவியங்களாக வெளியிட்டார். எழுத்தறியாப் படைவீரரும் கண்டு பயிலத்தக்க நூல் அது. நானூறு ஆண்டு கடந்தும் இன்றைய மீள்நடிப்பாளர் அவ்வோவியங்களைப் பார்த்தே தம் கைந்நிலையைத் திருத்திக் கொள்கின்றனர்.

பாசறை வாழ்க்கை

போரிட விருப்பமில்லாதார்க்கும் இதில் இடமுண்டு. ஒருவகையில் சிறந்த இடம் அவர்களுடையதே. படையுடன் அந்நாளில் மனைவியரும் குழந்தையரும் சமையற்காரரும் மருத்துவரும் கொல்லரும் வணிகரும் சென்றனர். ஆதலின் மீள்நடிப்பிலும் கித்தான் கூடாரங்களும் விறகடுப்பும் இரும்புச் சட்டியும் கொண்ட பாசறை ஒன்று அமையும். அங்கே ஒருவர் கம்பளி நூற்பார். ஒருவர் காலணி தைப்பார். ஒருவர் அறுவை மருத்துவரின் கருவிகளைப் பரப்பி, காலில் குண்டு பாய்ந்தால் என்ன செய்வர் எனப் பள்ளிச் சிறார்க்கு விளக்குவார். ஒரு மணி நேரப் போரைக் காட்டிலும் இப்பாசறையில் நிகழும் உரையாடலே மக்களுக்கு வரலாற்றை மிகுதியாகக் கற்பிக்கிறது என அனுபவமிக்கோர் கூறுவர். வேற்படையின் ஓரத்தில் நீர்க்குடம் தாங்கி ஓடும் பணியும் உண்டு. கோடை வெயிலில் கம்பளி உடுத்து நிற்போர்க்கு அந்நீர் கொடுப்போரே களத்தின் உண்மைக் காவலர்.

அறிவுக்குக் கிடைத்த ஆதாயம்

இது வெறும் வேடிக்கை என ஒதுக்குவோர் சில செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். உரோமானிய வீரனின் பட்டைக் கவசத்தை அறிஞர் நெடுங்காலம் பெரிதும் கற்சிற்பங்களிலேயே கண்டிருந்தனர். 1964இல் வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜ் அகழாய்வில் அக்கவசத்தின் பகுதிகள் ஒரு பெட்டியில் கிடைத்தன. இலண்டன் கோட்டை ஆயுதசாலையைச் சார்ந்த ரசல் ராபின்சன் அவற்றைக் கொண்டு கவசத்தை மறுபடியும் உருவாக்கிக் காட்டினார். 1972இல் தொடங்கிய ‘எர்மைன் ஸ்ட்ரீட் கார்டு’ என்னும் குழுவினர் அத்தகைய கவசத்தைத் தாமே செய்து அணிந்து நடந்து, எங்கு உராயும், எங்கு அறும் என்பதைத் தம் உடலால் அறிந்தனர். 1985இல் செருமானிய வரலாற்றாசிரியர் மார்க்கஸ் யுங்கல்மான் தம் தோழர் சிலருடன் உரோமானிய வீரனின் முழுச் சுமையையும் தாங்கி, இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்சு மலையைக் கடந்து ஆக்சுபர்க் வரை நடந்தே சென்றார். ஏடு கூறாததைக் கால் கூறிற்று.

1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மீட்கப்பெற்ற ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்களும் காலணிகளும் உடைகளும் டியூடர் கால மீள்நடிப்பாளர்க்குப் புதையலாயின. அவ்விற்களைப் போலச் செய்து நாணேற்ற முயன்றபோதே, அக்கால வில்லாளியின் தோள்வலி எத்தகையது என்பது விளங்கிற்று. அறிவு கைவழியாகவும் வரும் என்பதற்கு இவை சான்றுகள்.

எழும் வினாக்கள்

இனி, மாணவரின் வினாவிற்கு வருவோம். அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, மாண்டவர் பற்றியது. மீள்நடிப்பில் வீழ்ந்தவர் கொம்பொலி கேட்டதும் எழுந்து, புழுதி தட்டி, எதிரியோடு சிரித்தவாறு உணவுக்குச் செல்வர். உண்மைக் களத்தில் எவரும் அவ்வாறு எழவில்லை. 1461 மார்ச்சு 29இல் நிகழ்ந்த டவ்ட்டன் போரின் பிணக்குழி ஒன்று 1996இல் தற்செயலாக வெளிப்பட்டது. ஏறத்தாழ 40 பேரின் எலும்புகள் அதில் இருந்தன. மண்டையோடுகளில் ஒன்றல்ல, பல வெட்டுகள். அதனைக் கண்ட பின் வாள்வீச்சை வீரமென்று மட்டும் எவரும் பாடார். அக்களத்தில் இன்றும் ஆண்டுதோறும் மீள்நடிப்பாளர் கூடுகின்றனர். ஆயின் மாண்டோர் நினைவும் அங்குப் போற்றப்படுகிறது. அமெரிக்காவில் 1961 மனாசஸ் நிகழ்ச்சி கண்டனத்திற்கு உள்ளான பின், தன் பொறுப்பிலுள்ள உண்மைப் போர்க்களங்களில் போலிப்போர் நடத்தலாகாது என்பதைத் தேசியப் பூங்காப் பணித்துறை நெறியாகக் கொண்டது. மக்கள் மாண்டு மண்ணான நிலத்தின்மீது இறப்பை நடித்தல் தகாது என்பதே அதன் கருத்து. மீள்நடிப்புகள் அருகிலுள்ள தனியார் நிலங்களில் நடைபெறுகின்றன.

இரண்டாவது, தோற்றவர் பற்றியது. எவர் கதை சொல்லப்படுகிறது, எவர் கதை விடப்படுகிறது? 1863 சூலையில் மூன்று நாள் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாம் ஆண்டில், 1913இல், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் அங்குக் கூடினர். அன்று சுட்டுக்கொண்டோர் அதே கற்சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கினர். நெஞ்சை உருக்கும் காட்சி அது. ஆயின் அப்போருக்கே காரணமான அடிமைத்தளையைப் பற்றி அவ்விழா பெரிதும் வாய்திறக்கவில்லை என வரலாற்றாசிரியர் சுட்டுவர். ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கறுப்பின வீரர் அப்போரில் வடபுலப் படையில் பணியாற்றினர். அவர்தம் வரலாறு நெடுங்காலம் மங்கியே கிடந்தது. 1863 சூலை 18இல் வாக்னர் கோட்டையைத் தாக்கிப் பெருந்தொகையினரை இழந்த 54ஆம் மாசசூசெட்ஸ் படையணியின் கதையை 1989இல் ‘குளோரி’ என்னும் திரைப்படம் காட்டியது. அதன்பின் கறுப்பின அமெரிக்கர் அப்படையணியின் நீலச்சட்டை அணிந்து களத்தில் நிற்கலாயினர். தம் முன்னோர் மீட்கப்பட்டவர் மட்டுமல்லர், மீட்பதற்குப் போரிட்டவரும் ஆவர் என்பதை அவர்கள் தம் உடலால் நிறுவினர். ஒரு பொழுதுபோக்கு ஒரு சமுதாயத்தின் தன்மதிப்பை மீட்கும் கருவியும் ஆகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நம் கருத்தைக் கவரும் மற்றொரு சான்று ஸ்பெயினில் உண்டு. அங்கு அல்கோய் நகரில் ஒவ்வோர் ஏப்ரலிலும் ‘மூர்களும் கிறித்தவர்களும்’ என்னும் விழா நடைபெறுகிறது. 1276இல் அல்-அஸ்ரக் என்னும் முசுலிம் தலைவர் அந்நகரைத் தாக்கி அங்கேயே உயிர்துறந்ததன் நினைவு அது. இது மேலே கண்ட கழக வகையினதன்று, நெடுங்கால மரபுவிழா. முதல் நாள் இரு பக்கத்தாரின் ஊர்வலம்; மூன்றாம் நாள் வெடிப்போர். காலையில் மூர்கள் கோட்டையைக் கைப்பற்றுவர். மாலையில் கிறித்தவர் மீட்பர். முடிவு ஆண்டுதோறும் ஒன்றே. ஆயின் வியப்பு யாதெனில், ஒரு பக்கத்திற்கு 14 ஆக உள்ள 28 குழுக்களில், மூர் வேடம் பூண்போரின் அணியும் இசையும் எவ்வகையிலும் தாழ்ந்தனவல்ல. அவ்வேடத்தை நகரத்தார் பெருமையாகவே ஏற்கின்றனர். இருப்பினும் ஒன்றை மறத்தலாகாது. 1609 முதல் 1614 வரை, அந்த மூர்களின் வழித்தோன்றல்கள் இலட்சக்கணக்கில் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இன்று அவர்கள் பாத்திரத்தை அவர்கள் அல்லாதாரே நடிக்கின்றனர். பட்டும் பொன்னும் அணிந்த மூர் அழகாகத்தான் இருக்கிறார். ஆயின் கப்பலேற்றப்பட்ட மூர் அவ்வூர்வலத்தில் இல்லை. சில ஊர்களில் பிறர் மனத்தைப் புண்படுத்திய பழைய வழக்கங்கள் காலப்போக்கில் கைவிடப்பட்டன என்பது ஆறுதல் தருவது.

மூன்றாவது, நடிப்பின் எல்லை பற்றியது. இரண்டாம் உலகப்போர் மீள்நடிப்பில் நாட்சிப் படைகளின் சீருடை அணிவது கடும் கருத்து வேறுபாட்டிற்கு உரியது. நிகழ்ச்சி நடத்துவோர் பலர் அதனைக் கட்டுப்படுத்தியோ விலக்கியோ வைத்துள்ளனர். செருமனியில் சுவஸ்திகச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது, கல்வி, கலை முதலிய விலக்குகள் தவிரக் குற்றமாகும். சீருடை வெறும் துணியன்று. அதனைக் கண்டு நடுங்கியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். மேலும், 2014இல் கிழக்கு உக்ரைனில் ஆயுதக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவருள் ஒருவரான இகோர் கிர்கின் முன்னர் ரஷ்யாவில் போர் மீள்நடிப்பில் ஈடுபாடு கொண்டிருந்தவர் என்பது பலரும் அறிந்தது. அவர் ஒருவரைக் கொண்டு அனைவரையும் பழித்தல் முறையன்று; பல்லாயிரவர் போரின் கொடுமையை உணர்ந்து அமைதியையே விரும்புபவர். ஆயினும் பழம்போரின் வேடம் மனத்துள் ஏறிப் புதுப்போரின் வேட்கையாகும் அபாயம் கற்பனையன்று என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

நிறைவாக

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, மாணவரின் வினாவிற்கு ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறல் இயலாது என்பது தெளிவாகிறது. மீள்நடிப்பு மரியாதையாவதும் அவமதிப்பாவதும் அதனைச் செய்வோர் கையில் உள்ளது. இலண்டனில் ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களின் கடைசி ஞாயிறன்று, மன்னர் முதலாம் சார்லசின் பக்கத்து மீள்நடிப்பாளர்கள் அவர் தலை துணிக்கப்பட்ட இடத்தை நோக்கி அணிவகுத்துச் செல்கின்றனர். அங்கு வெடியில்லை, வாள்மோதல் இல்லை, மாலை வைத்து நின்று திரும்புகின்றனர். போரை நடிப்போர் அடக்கமாக நிற்கவும் கற்றிருக்கின்றனர் என்பதே நமக்கு அதில் பாடம்.

ஆகவே இப்பொழுதுபோக்கில் புக நினைப்போர்க்கு நாம் கூறுவன மூன்று. காலணி வாங்குமுன் நூல் வாங்குக. தாம் நடிக்கப்போகும் போர் ஏன் நிகழ்ந்தது, எவர் எதை இழந்தனர் என்பதை அறிந்த பின்னரே உடையணிக. முடிந்தால் ஓராண்டேனும் எதிரணியில் நிற்க. எதிரணியின் அங்கியை உடுத்துப் பார்க்கும்போதுதான் அவனும் ஒரு தாயின் மகன் என்பது புலப்படும். களத்தில் வீழ்ந்து கிடக்கும் அச்சில நிமிடங்களை வீணாக்காது, எழாதவர்களை எண்ணுக.

நம் கல்லூரியில் பயின்று உயர்கல்விக்காக இங்கிலாந்து செல்லும் மாணவர், ஒரு கோடை வார இறுதியில் இத்தகைய பாசறை ஒன்றைக் காணும் வாய்ப்பைத் தவறவிடலாகாது. வேற்படையின் தள்ளலைக் கண்டு மகிழ்ந்த பின், கூடாரத்தின் ஓரத்தில் அறுவை மருத்துவரின் கருவிகளை விரித்து அமர்ந்திருப்பவரிடம் சென்று சிறிது நேரம் உரையாடுக. அன்று வகுப்பில் வினவிய மாணவருக்கு நாம் அளிக்க இயலாத விடையின் ஒரு பகுதியேனும் அவரிடம் கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை.